சுற்று நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தடகளச் செய்தி என்றால் முதல் மூன்று இடங்கள், வென்றவரின் நேரம், அவ்வளவுதான் போடுகிறீர்கள். 100 மீட்டருக்கு அது போதும். 800, 1500 மீட்டருக்குப் போதாது. அந்த ஓட்டங்களின் கதையே சுற்று நேரத்தில், அதாவது 400 மீட்டர் தடத்தை ஒவ்வொரு முறை சுற்றவும் ஆன நேரத்தில்தான் இருக்கிறது.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதியில் நம் ஸ்ரீராம் சிங் ஏழாமிடம். முதல் சுற்றை 50.85 விநாடியில் முன்னால் இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான் என்பது முடிவுப் பட்டியலில் தெரியாது. அந்த வேகத்தில் பின்னால் வந்துதான் கியூபாவின் ஜுவான்டொரீனா 1:43.50 என்று உலக சாதனை படைத்தார். ஸ்ரீராம் சிங்கின் 1:45.77 நம் தேசிய சாதனையாக 2018 வரை நின்றது.

ஓடும் முறையே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2016 ரியோவில் 1500 மீட்டர் இறுதியின் முதல் சுற்றுக்கு 66 விநாடிக்கு மேல் ஆனது. யாரும் முன்னால் போகத் துணியவில்லை. கடைசிச் சுற்றில்தான் பாய்ச்சல். தங்கத்துக்கு 3:50.00. 2024 பாரிசில் நார்வேயின் இங்கெபிரிக்ட்சன் முதல் சுற்றை 55 விநாடிக்குள் முடித்தார். தங்கம் வாங்கிய அமெரிக்காவின் ஹாக்கருக்கு 3:27.65. முன்னால் ஓடியவருக்கு நான்காமிடம்தான். ஆனாலும் அந்த ஓட்டத்தை அப்படி ஆக்கியவர் அவர். தடத்தின் உள்விளிம்பில் விளக்குகள் ஓடி வேகம் காட்டும் போட்டிகளில் பழகிய தலைமுறைக்குக் காத்திருந்து பாய்வதில் பிடிப்பு குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலைகளில் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் பிள்ளைகளுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 800 மீட்டரை 2:34-இல் ஓடினாள். 500 மீட்டர் தாண்டியதும் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. 200 மீட்டருக்கு ஒன்றாக நான்கு எண்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: 31, 37, 42, 44. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வாரம் கழித்து 36, 37, 38, 37. மொத்தம் 2:28. மூச்சும் முட்டவில்லை. மொத்த நேரத்தை மட்டும் சொல்லியிருந்தால், அடுத்த முறை இன்னும் வேகமாகக் கிளம்பியிருப்பாள்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. மாவட்டப் போட்டியோ ஒலிம்பிக்கோ, கிடைக்கும் இடத்திலெல்லாம் சுற்று நேரத்தைச் சேர்த்து அச்சிடுங்கள். போன வாரம் அந்தப் பெண் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை நீட்டி, “முதல் ரவுண்டு எவ்வளவு சார்?” என்று கேட்டாள். அதில் இல்லை.

மு.ரா., பெரம்பூர், சென்னை.