கூந்தன்குளத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கூந்தன்குளம் ஊராருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் இருட்டோடு மதுரையிலிருந்து கிளம்பி, அம்மாவை அழைத்துக்கொண்டு, திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் உங்கள் ஊருக்குப் பறவைகளைப் பார்க்க வந்திருந்தேன். திரும்பும் அவசரத்தில் பலரிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

வழியில் எங்கள் கார் டயர் பஞ்சரானதும் பைக்கை நிறுத்தி இறங்கிய தம்பிக்கு முதல் நன்றி. ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்துவிட்டு, "சீக்கிரம் போங்கக்கா, வெயில் ஏறுனா வாத்தெல்லாம் நடுத்தண்ணிக்குப் போயிரும்" என்று விரட்டினாரே, அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் போனபோது வரித்தலை வாத்துகள் இன்னும் குளத்தின் கரையோரமாகத்தான் நின்றன.

அங்கே இருந்த பறவைக் காவலர் தன் பைனாகுலரைக் கழற்றி அம்மா கழுத்தில் மாட்டிவிட்டார். வெள்ளைத் தலையின் பின்பக்கம் கறுப்பாக இரண்டு பட்டை. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை என்று அவர் சொன்னதும், "குளிருக்குப் பயந்தா இம்புட்டு தூரம்?" என்று அம்மா கேட்டார். "குளிரத் தாங்கிக்கிடும்மா. புல்லெல்லாம் பனிக்குள்ள போயிட்டா சாப்பாட்டுக்கு எங்க போகும்?" என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்புறம் கரண்டிவாயன், ஊசிவால் வாத்து என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

காட்சிக் கோபுரத்தில் ஏற அம்மாவின் முழங்கால் இடம் தரவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போன அக்காவை எப்படி மறப்பேன்! வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் ஒரு குடையையும் கொடுத்தார். குடை எதற்கென்று ஒரு நிமிடத்தில் புரிந்தது. தலைக்கு மேல் ஏழெட்டுக் கூடுகள், முற்றமெல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம். ஒரு மஞ்சள் மூக்கு நாரை சுள்ளியோடு வந்து இறங்க, கூட்டில் நின்றது தலையைத் தாழ்த்தி அலகைக் கடகடவென்று தட்டியது. பிறகு இரண்டும் சேர்ந்து அந்த ஒற்றைச் சுள்ளியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தன. வால் பக்கத்து ரோஸ் நிறச் சிறகுகளைக்கூட வெறும் கண்ணால் பார்த்தோம்.

நாற்றத்துக்கு அக்கா மூக்கைப் பொத்தவில்லை. "பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைங்க. முகத்தச் சுளிக்கலாமா?" என்றார்.

1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் தீபாவளிக்குப் பட்டாசைத் தவிர்ப்பதும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பதும், தினமும் விடிந்தால் எச்சத்தைக் கூட்டித் தள்ளுவதும் நீங்கள்தானே. பறவைகள் வாசல் மரத்துக்கே வந்து கூடு கட்டுவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

கடைசியாக ஒன்று. அக்கா, உங்கள் கறுப்புக் குடை எங்கள் காரிலேயே வந்துவிட்டது. மாசியில் குஞ்சு பொரித்திருக்கும் என்றீர்களே, அப்போது அம்மாவே கொண்டுவந்து தருகிறாராம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து வந்த அம்மாவும் மகளும்