செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஃப்ரீமான்ட், யூனியன் சிட்டி, நியூவர்க் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டறிக்கையை நான் இதே மேடையில் வாசித்தபோது, நாம் 2022இல் ஆதரித்த, சீர்திருத்தம் பேசிய பமீலா பிரைஸ் நம் அலமீடா கவுண்டியின் மாவட்ட வழக்கறிஞராக, அதாவது குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் அலுவலகத்தின் தலைவராகப் பொறுப்பில் இருந்தார். 2024 நவம்பர் 5 அன்று நடந்த பதவி நீக்க வாக்கெடுப்பில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் அவரை விலக்க வாக்களித்தனர். விலக்கக் கூடாது என்ற பக்கத்தில் நின்ற நம் சங்கமும் அவரோடு சேர்ந்து தோற்றது. எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அந்தத் தோல்வியைப் பற்றியதே.

"ஊரில் அரசு வழக்கறிஞரை அரசாங்கம்தானே நியமிக்கிறது, இங்கே அதற்கு ஏன் ஓட்டு?" என்று புதிய உறுப்பினர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதால் சுருக்கமாக விடையளிக்கிறேன். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் இப்பதவிக்கு மக்களே வாக்களிக்கிறார்கள். யார் மீது எந்தப் பிரிவில் வழக்குத் தொடுப்பது, கூடுதல் தண்டனைப் பிரிவுகளைச் சேர்ப்பதா வேண்டாமா, குற்றத்தை ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறைப்பது ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது இந்த அலுவலகம்தான். மாநில நீதிமன்றங்களின் குற்றத்தீர்ப்புகளில் 94 விழுக்காடு இத்தகைய ஒப்புதலால் வருபவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012இல் சுட்டிக்காட்டியது. விசாரணைக்கே வராமல் வழக்குகள் முடியும் இடத்தில் அமர்பவர் யார் என்பதில் நமக்கு அக்கறை இருப்பதற்குக் காரணம் இதுவே.

வாக்கெடுப்பை ஒட்டி ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வீடு வீடாகச் சென்றோம், தமிழில் விளக்கத் தாள்கள் அச்சிட்டோம். மண்டபம் தந்த பண்பாட்டு அமைப்பு வரிவிலக்கு பெற்றது என்பதால் அங்கே ஒரு தரப்புக்கு மட்டும் ஆதரவு திரட்ட இயலாது என்று அதன் பொறுப்பாளர்கள் தெளிவாகச் சொன்னார்கள். அதற்கிணங்க இரு தரப்பினரையும் அழைத்தோம். நம் உறுப்பினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இவ்வாண்டில் உருப்படியாக நடந்த ஒரே கூட்டம் அதுதான் என்பது என் கருத்து.

அக்கூட்டத்தில் எழுந்து பேசிய அம்மா ஒருவர், வீட்டில் தாலிக்கொடியைத் தவிர வேறு நகை வைத்திருக்கவே அச்சமாக இருக்கிறது என்றும், திருட்டுப் போன வீட்டுக்காரருக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை என்றும் கூறினார். நம்மிடம் அதற்கு விடை இல்லை. 2024 ஏப்ரலில், பழைய மரண தண்டனை வழக்குகளில், குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் நடுவர் குழுவிலிருந்து கறுப்பினத்தவரையும் யூதரையும் அரசு வழக்கறிஞர்கள் திட்டமிட்டு ஒதுக்கியதற்கான குறிப்புகள் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்தே வெளிப்பட்டு, அத்தகைய 35 வழக்குகளை மறுஆய்வு செய்யக் கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட்டதைத்தான் நம் விளக்கத் தாள் முதற்பக்கத்தில் பெரிதாகச் சொன்னது. அது மிக முக்கியமான செய்திதான்; ஆயினும் அந்த அம்மாவின் கேள்விக்கு அது விடையாகாது.

பதவி நீக்க இயக்கத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களில் ஒரு முதலீட்டு நிதி நிறுவனப் பங்குதாரர் முன்னணியில் இருந்தார் என்பதையே தோல்விக்குக் காரணமாகச் சிலர் சொல்லி வருகிறார்கள். பணம் இருந்தது உண்மை. ஆனால் தேவைப்பட்ட 73,195 கையெழுத்துகளைத் திரட்டியவர்களுடன் குற்றத்தால் பிள்ளைகளை இழந்த குடும்பங்களும் நின்றன. 2022 நவம்பரில் வென்றதும் நாம் கடையைக் கட்டிவிட்டோம். அந்தக் குடும்பங்களை ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் இதில் என் பங்கும் உண்டு.

காற்று எங்கும் இப்படித்தான் வீசியது என்று ஆறுதல் கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரைஸைப் போலவே சீர்திருத்தம் பேசிய மாவட்ட வழக்கறிஞர்களில், சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022 ஜூனில் செசா பூடின் நீக்கப்பட்டார், லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் கேஸ்கோன் நம் வாக்கெடுப்பு நடந்த அதே நாளில் தோற்றார் என்பவை மெய்தான். ஆனால் அதே வகையைச் சேர்ந்த, ஃபிலடெல்ஃபியாவில் 2017 முதல் வென்று வரும் லாரி கிராஸ்னர் 2025 மே மாதத்திலும், கட்சியின் வேட்பாளரைத் தேர்வுசெய்யும் முதனிலைத் தேர்தலில் வென்றிருக்கிறார்.

பிரைஸ் விலகியதால் காலியான இடத்துக்கு, கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு 2025 ஜனவரியில் நீதிபதி உர்சுலா ஜோன்ஸ் டிக்சனைத் தேர்ந்தெடுத்தது. அவர் பிப்ரவரியில் பொறுப்பேற்றார். எஞ்சிய பதவிக்காலத்துக்கு 2026இல் தேர்தல் வருகிறது. யாரை ஆதரிப்பது என்று செயற்குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. வேட்பாளர்கள் அனைவரையும் நேரில் கேட்டறியும்வரை முடிவெடுக்க வேண்டாம் என்ற தீர்மானம் மட்டும், நீண்ட விவாதத்துக்குப் பின், ஏப்ரல் கூட்டத்தில் நிறைவேறியது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஃப்ரீமான்ட் நீதிமன்றத்தில் மாதம் இருமுறை அமர்ந்து வழக்கு நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்கும் பணிக்குப் பகல் வேளையில் வரக்கூடியவர்கள் தேவை. ஓய்வுபெற்ற உறுப்பினர்களும், ஊரிலிருந்து வந்து பிள்ளைகளுடன் தங்கியிருக்கும் பெற்றோரும் முன்வரலாம். விரும்புவோர் வாசலில் உள்ள பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு உணவுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்