பெட்ரோல் போடும்போது பெயின்ட்டைக் காப்பாற்றுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் இதை அவசியம் படியுங்கள்.

நம் காரில் டேங்க் மூடி பக்கவாட்டில் இல்லை. சீட்டுக்குப் பின்னால், நட்டநடுவில் இருக்கிறது. வழிகிற பெட்ரோல் நேராகப் பெயின்ட் மேல்தான் ஓடும். போன வாரம் எனக்கு அப்படித்தான் ஆனது. நாசில் 'டக்' என்று நின்ற பிறகும் முழு டேங்காகட்டும் என்று இன்னொரு முறை அழுத்தினேன். ஒரு கை அளவு பெட்ரோல் பொங்கி வந்து டிக்கி மூடி வரை வழிந்துவிட்டது. பதற்றத்தில் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தேன். அதுதான் பெரிய தவறு. ஊறி இளகிய பெயின்ட், துணியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. பார்க்கவே வயிறு எரிந்தது.

பழைய செல்லுலோஸ் பெயின்ட்டைப் பெட்ரோல் சீக்கிரம் இளக்கிவிடும். டூ-பேக் பெயின்ட் (இறுக வைக்கும் திரவம் கலந்து அடிப்பது) ஓரளவு தாங்கும், ஆனால் புதிதாக அடித்ததென்றால் அதுவும் சில வாரம் ஆகி நன்றாக இறுகும்வரை ஜாக்கிரதை. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே வரும் ஈ10 பெட்ரோலில் 10% வரை எத்தனால் என்ற ஆல்கஹால் வேறு, அதுவும் பெயின்ட்டுக்கு ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? மூடியைச் சுற்றிக் கனமான துணி விரியுங்கள். நாசில் முதல் முறை நின்றதும் நிறுத்துங்கள், வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும். சிந்தினால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் கார் ஷாம்பு. அந்த இடத்தில் மெழுகு போயிருக்கும், வீட்டுக்கு வந்ததும் மறுபடி பூசிவிடுங்கள். நனைந்த துணியை டிக்கிக்குள் போடவே வேண்டாம்.