முதலில் பதிவேடு, பிறகு முகப்பு

நாகர்கோவில்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சுற்றுலா மேலாண்மை இணையதளத்தின் மாதிரியைக் கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து பார்த்தேன். முகப்பில் விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் மாறிமாறி வருவது கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படமும் பல எம்பி அளவில் இருப்பதால், படகுத்துறை வரிசையில் நின்று திறந்து பார்ப்பவருக்கு அவை வந்து சேர்வதற்குள் வரிசையே நகர்ந்துவிடும். படங்களைச் சுருக்குவது சிறிய வேலை. அதைப் பிறகு செய்துகொள்ளலாம். நான் எழுத வந்தது, நீ போகிற போக்கில் முடித்துவிட்டிருக்கும் அறை முன்பதிவுப் பகுதியைப் பற்றி.

பாலிடெக்னிக்கில் நான் பாடம் நடத்திய காலத்திலும் மாணவர்கள் இப்படித்தான் செய்வார்கள். லாகின் பக்கம் பளபளவென்று இருக்கும், முன்பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் ‘நன்றி’ என்று வரும், அந்த அறை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதா என்று மட்டும் நிரல் எங்கும் கேட்டிருக்காது.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வந்து குவியும்போது சித்தப்பாவின் லாட்ஜில் மாலை வேளைகளில் நான் மேசையைப் பார்த்துக்கொள்வது உனக்குத் தெரியும். அங்குள்ள பதிவேட்டில் அறை எண், வந்த தேதி, வந்த நேரம், காலி செய்த தேதி, நேரம், முன்பணம் என்று தனித்தனியாகக் கட்டங்கள் இருக்கின்றன. நீயோ அறைகளின் அட்டவணையில் ‘காலி’ அல்லது ‘நிரம்பியது’ என்று ஒரே ஒரு கட்டத்தை வைத்திருக்கிறாய். அது இந்த நிமிடத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். சித்ரா பௌர்ணமி அன்று சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரப் பார்க்க வர நினைப்பவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே அறை கேட்டால், உன் தளம் விழிக்கும். அறைகளுக்கு ஓர் அட்டவணையும் பதிவுகளுக்கு வேறோர் அட்டவணையும் வைத்து, அறை காலியா என்பதை எங்கும் எழுதிவைக்காமல், கேட்கும்போதெல்லாம் பதிவுகளிலிருந்து கணக்கிட்டுச் சொல்வதே சரி.

அந்தக் கணக்கு சிறியதுதான், ஆனால் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள். புதிய பதிவின் தொடக்கம் பழைய பதிவின் முடிவுக்கு முன்பாகவும், புதிய பதிவின் முடிவு பழைய பதிவின் தொடக்கத்துக்குப் பின்பாகவும் இருந்தால், இரண்டும் மோதுகின்றன என்று பொருள். 12ஆம் தேதி காலை 10 மணிக்கு ஒருவர் காலி செய்ய, அதே 10 மணிக்கு இன்னொருவர் வந்தால் மோதல் இல்லை. ஒப்பிடும் இடத்தில் சமக்குறியையும் சேர்த்துப் போட்டுவிட்டால் அந்த அறை யாருக்கும் கிடைக்காமல் சும்மா கிடக்கும். (அறையைக் கூட்டிப் பெருக்க ஒரு மணி நேரம் வேண்டும் என்று சித்தப்பா சண்டைக்கு வருவார், முடிவு நேரத்தோடு அதையும் கூட்டிக்கொள்.)

தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்குதான். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே, நான்கு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். தளங்களை இயக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நம் நேரமோ அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே இங்கே 12ஆம் தேதி அதிகாலை 4 மணி என்பது அங்கே 11ஆம் தேதி இரவு 10.30. அதிலிருந்து தேதியை மட்டும் உருவி எடுத்தாயானால், அதிகாலையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் தவறிப்போகும். கடைசி அறைக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள். அட்டவணையில் அந்த அறைக்கான வரிசையை வேறு யாரும் தொடாதபடி பூட்டி, மோதலைச் சோதித்து, பதிவை எழுதி, அதன் பிறகே பூட்டைத் திறக்கும்படி, எல்லாவற்றையும், முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் செய்ய வேண்டும்.

வாடகையையும் வரியையும் பதிவு செய்யும் அன்றே அந்தப் பதிவோடு எழுதிவிடு மக்களே. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நிரலுக்குள் ஒரே எண்ணாக வரியை எழுதியிருந்தால், பழைய ரசீதைத் திறக்கும்போதெல்லாம் புதிய வரியோடு தவறான தொகை வரும்.

இடங்களைப் பற்றிய விவரங்களையும் ஹெச்டிஎம்எல் பக்கத்தில் நேரடியாக எழுதாதே. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே விடுமுறை நாளுக்கு ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கட்டம் வேண்டும். பாறைக்கும் சிலைக்கும் இடையிலான 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. உன் பக்கத்திலோ இன்னும் பாறையிலிருந்து சிலைக்குப் படகில்தான் போக வேண்டும் என்று இருக்கிறது. கடல் சீற்றமாக இருந்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால், அன்றன்றைய நிலையை மேசையில் இருப்பவரே மாற்றும்படி ஒரு பக்கமும், அது எப்போது மாற்றப்பட்டது என்ற நேரமும் இருக்கட்டும். படகு டிக்கெட் விற்பனையில் நீ இறங்க வேண்டாம். அது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் வேலை.

எந்த ஃபிரேம்வொர்க், அதாவது ஆயத்த நிரல் கட்டமைப்பு, கற்கலாம் என்று கேட்டிருந்தாய். என் எண்ணத்தில், இந்த முதல் தளத்துக்கு எதுவும் வேண்டாம். பிஹெச்பி நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் தாராளமாகப் போதும். கடவுச்சொல்லை ஹேஷ் செய்து (மூலச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாத குறியீடாக மாற்றி) சேமி, பயனர் எழுதியதைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவலோடு நேரடியாக ஒட்டாதே, அட்டை எண்ணைச் சேமிக்கவே சேமிக்காதே.

மார்கழி மாதப் பதிவேட்டின் சில பக்கங்களை, விருந்தினர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துப் படமெடுத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன், சித்தப்பா சம்மதித்துவிட்டார். அவற்றை வரிசையாக உன் அட்டவணையில் ஏற்றி, எந்த அறையாவது இரண்டு பேருக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு எழுது. அம்மா ஏத்தங்காய் உப்பேரி பொட்டலம் கட்டிவைத்திருக்கிறாள், கூரியரில் வரும்.

அன்புடன்,
அப்பா