கானாங்கோழிக்காகக் கையை நிறுத்தியவர்களுக்கு

அன்புடையீர்,

போன ஜனவரியில் பெரிய கடலோதம் ஏறிய காலை, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஏரோஹெட் சதுப்பின் கரையில் நின்றிருந்தேன். புல்லெல்லாம் மூழ்கிவிட்டது. தண்ணீருக்கு மேலே தெரிந்தது கம்பிளாண்ட் என்ற நாட்டுச் செடிப் புதர் ஒன்றின் தலை மட்டும்தான். அதற்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒரு ரிட்ஜ்வே கானாங்கோழி உட்கார்ந்திருந்தது. நம்மூர்க் கோழியின் பருமன், லேசாக வளைந்த நீண்ட அலகு. ஓதம் வடியும்வரை அது அசையவில்லை, நானும் அசையவில்லை. அந்தப் புதர் போன்றவற்றை நட்ட கைகளுக்குத்தான் இந்த மடல்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் நம் ஆட்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970களில் ஃப்ரீமாண்டை ஒட்டிய அலமேடா க்ரீக் பகுதியில், கரையரிப்பைத் தடுக்கவும் சதுப்பை மீட்கவும் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அட்லாண்டிக் கரையின் ஸ்பார்ட்டினா புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். நம்மூருக்குச் சீமைக்கருவேலம் வந்ததும் அப்படித்தானே. வந்த புல் இங்குள்ள நாட்டு ஸ்பார்ட்டினாவோடு கலந்தது. பிறந்த கலப்பினம் ஆள் உயரம் வளர்ந்தது, ஓடைகளை அடைத்தது, உள்ளான்கள் இரை பொறுக்கும் வெறும் சேற்றிலும் இறங்கி வேர்விட்டது. உச்சத்தில் 800 ஏக்கர் அளவுக்குப் பரவியிருந்தது.

ஓதம் வற்றிக் கிடக்கும் சில மணி நேரத்துக்குள் அந்தக் கலப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடித்து முடிக்க, சேற்றின் மேலும் ஓடும் விசிறிப் படகில் போன பணியாளர்களே, முதல் நன்றி உங்களுக்கு. சேற்றில் நடந்து, சந்தேகப்பட்ட ஒவ்வொரு புல்லிலிருந்தும் இலை கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்பியவர்களுக்கும் நன்றி. நாட்டுப்புல் எது, கலப்பு எது என்று பழகிய கண்ணுக்கே பிடிபடாத நாள் உண்டு. அந்த 800 ஏக்கரில் மிகச் சிறு பங்குதான் இன்று மிச்சம்.

ஆனால் என் மனதில் பெரிதாக நிற்பது நீங்கள் செய்யாமல் விட்ட வேலை. 1970 முதல் அழியும் இனப் பட்டியலில் இருக்கும் இந்தக் கானாங்கோழி, ஓதம் ஏறும்போது ஒளிந்துகொள்ள அந்த உயரமான கலப்புப் புல்லையே நம்பிவிட்டது. புல் போன இடங்களில் பறவையும் குறைந்தது. 2011-ல், கோழிகள் அதிகம் தங்கிய சில சதுப்புகளில் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. விட்ட இடத்திலிருந்து விதை மிதந்துபோய், துப்புரவான இடங்களில் மறுபடி முளைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்கான உழைப்பு கண்ணெதிரே கரையலாம் என்று தெரிந்தும் கையை நிறுத்தினீர்கள். களையெடுத்துப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரியும்.

நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவில்லை. புல் போன இடங்களில் நாட்டுப்புல்லும் கம்பிளாண்டுமாக லட்சக்கணக்கான நாற்றுகள் ஊன்றப்பட்டன. நாற்றுப்பண்ணையில் கம்பிளாண்ட் மொட்டைத் தொட்ட என் மகளின் விரலில் வெள்ளைப் பிசின் ஒட்டிக்கொண்டு வீடு வரும்வரை போகவில்லை. செடி வளரும்வரை கோழி எங்கே போகும் என்று யோசித்து, ஏரோஹெட்டில் கூரை போட்ட மிதவைகளைக் கட்டிவிட்டவர்களுக்குத் தனி வணக்கம். ஓதத்தோடு மிதவையும் ஏறும், கோழி நனையாது.

விடியலில் குளிரில் நின்று கோழியின் குரலைக் காதால் எண்ணுகிறவர்களே, ஒரு முறை என்னையும் அழைத்துப் போனீர்கள். பத்து நிமிடம் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அப்புறம் சேற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, யாரோ கைதட்டுவது போல, கெக் கெக் கெக் என்று. நீங்கள் தாளில் ஒரு கோடு போட்டீர்கள். அந்தக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மழை இறங்கியதும் மறுபடி நடவு. இந்த முறை சொந்த பூட்ஸோடு வருகிறேன். போன தடவை தன்னுடையதை எனக்குக் கழற்றிக் கொடுத்த அக்கா, நாள் முழுக்க ஈரக் காலோடு நின்று நாற்று எடுத்துக் கொடுத்தார். அக்கா, உங்களுக்கும் நன்றி.

அன்புடன்,
ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு நடவுக்காரன்