மூன்று பை இரத்தமும் ஒரு பில்லும்

தக்கலை

அன்புள்ள மக்கா,

நலம்தானே? மைனியின் முழங்கால் வலிக்குக் கொடுத்தனுப்பிய எண்ணெய் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. ‘எட்டரை பஸ்’ என்று நாம் பட்டப்பெயர் வைத்த நண்பனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவன் வழக்கப்படி அழைப்பிதழ் தாலி கட்டிய மறுநாள்தான் உன் கைக்கு வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இனி வருவது, ஆஸ்பத்திரியில் இரத்தத்துக்குக் காசு வாங்குவதைப் பற்றி. தொலைபேசியில் சொன்னால் நீ நடுவே புகுந்து வாதாடி என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் ஒருவருடைய மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்கவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் அன்றிரவே மூன்று பை சிவப்பணுக்கள் ஏற்றினார்கள். ஏற்றிய மூன்றுக்கு ஈடாக மூன்று பேரைக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னதும் நம் இரத்ததானக் குழுவுக்கு அழைப்பு வந்தது; மூன்று இளைஞர்கள் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தக் கணவர் பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஊசிக்கும் பஞ்சுக்கும்கூடத் தனித்தனி வரி எழுதியிருந்த அந்தத் தாளில் ‘இரத்தம் – 3’ என்று ஒரே வரி, அதற்கு நேரே 7,500 ரூபாய். அவர் கோபப்படவில்லை. “அண்ணாச்சி, பிள்ளைங்க சும்மாதானே குடுத்தாவ, பிறவு இது எதுக்கு?” என்று மட்டும் கேட்டார். கொடுத்த மூவரில் ஒருவனான கொத்தனார் வேலை பார்க்கும் பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்கடுத்த முகாமுக்கு அவன் வரவில்லை, அவனோடு வழக்கமாக வரும் கூட்டாளிகளும் வரவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் பரிசோதனைக் கூடத்தில் நின்றவன் நீ. இரத்தத்துக்கு யாரும் விலை வாங்குவதில்லை, அதைப் பாதுகாப்பாக்கும் வேலைக்குத்தான் கட்டணம் என்பாய். அதை நான் மறுக்கவில்லை. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா என்று ஐந்து நோய்களுக்கும் ஒவ்வொரு பையையும் சோதித்தாக வேண்டும். வகை பார்த்து, பொருத்தம் பார்த்து, சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்துக் காக்க வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையோ 22 டிகிரியில் ஓயாமல் அசைத்துக்கொண்டே இருந்தாலும் ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. பையும் காசுதான். நீ திருவனந்தபுரத்தில் இருந்த காலத்தில்தானே சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் உருவாக்கிய தொழில்நுட்பத்தைக் கொண்டு அங்கேயே பை தயாரிக்கத் தொடங்கினார்கள்? முகாமில் அந்தப் பையை நான் கையில் எடுத்துப் பார்ப்பதுண்டு: பெரிய பையோடு சின்னப் பைகள் குழாயால் கோத்திருக்கும், குழாய் நெடுகிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கும், எடுத்து முடித்ததும் அந்தக் குழாயைத் துண்டு துண்டாக அடைத்து, பின்னால் பொருத்தம் பார்ப்பதற்கென்று வைத்துக்கொள்வார்கள். இத்தனை கவனமும் இலவசமாக வராது என்பது எனக்கும் தெரியும். சோதனையில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய இரத்தம் ஏற்றப்பட்டபோது நாடே பார்த்தது.

ஆக, செலவு உண்டு என்பதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. அதை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் சண்டை. கட்டிலில் கிடப்பவரிடம் அதைக் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

பொருளுக்குக் காசு வாங்கினால்தான் அளவோடு செலவழிப்பார்கள் என்று போன முறை சொன்னாய். அரிசிக்கும் மின்சாரத்துக்கும் அது பொருந்தலாம். எத்தனை பை ஏற்றுவது என்று முடிவுசெய்வது மருத்துவர். நோயாளிக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. தேவைக்கு மேல் ஏற்றுவதைத் தடுக்க வேண்டுமென்றால் மருத்துவமனைக்குள்ளேயே கணக்குக் கேட்க வேண்டும். எழுதிக் கொடுத்தவரை விட்டுவிட்டு, ஏற்றிக்கொண்டவரிடம் பணம் பறித்துச் சிக்கனத்தைக் கற்பிப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தின் நிலையும் உனக்குத் தெரிந்ததே. காசுக்கு இரத்தம் கொடுப்பவர்களை நம்பி இரத்த வங்கிகள் நடந்த காலத்தை நாம் இருவரும் கண்டிருக்கிறோம். நோயை மறைத்தும், உடம்பு தாங்காத இடைவெளியிலும் கொடுத்தார்கள். அவர்களும் கெட்டார்கள், வாங்கிக்கொண்டவர்களும் கெட்டார்கள். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் உரிமம் இல்லாத இரத்த வங்கிகளுக்கு முடிவு வந்தது. 1998 தொடக்கத்திலிருந்து காசுக்கு இரத்தம் கொடுப்பதே தடையாயிற்று. கொடுப்பவன் பக்கம் காசை அடியோடு நிறுத்தினோம், அது சரியான காரியம். வாங்குபவர் பக்கம் மட்டும் அது பெயர் மாற்றிக்கொண்டு நிற்கிறது. தேசிய இரத்த மாற்று மன்றம் 2022இல் நிர்ணயித்த உச்சவரம்பு, சிவப்பணுப் பை ஒன்றுக்குத் தனியாரிடத்தில் 1,550 ரூபாய், அரசு இரத்த மையத்தில் 1,100 ரூபாய். தட்டணுவுக்கும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவுக்கும் தனியாரிடத்தில் பைக்கு 400. இரத்தம் விற்பனைக்கு அல்ல, பதப்படுத்தும் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 தொடக்கத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமே மாநிலங்களுக்கு நினைவூட்டியது பத்திரிகைகளில் வந்தது. மூன்று பைக்கு 4,650 ரூபாய் ஆக வேண்டிய இடத்தில் 7,500 எப்படி வந்தது? கிருமியின் மரபணுவையே தேடும் நாட் பரிசோதனை போன்ற கூடுதல் சோதனைகளுக்குத் தனிக்கட்டணம் உண்டு என்பாய். இருக்கட்டும், செய்திருந்தால் எழுத வேண்டாமா? பஞ்சுக்குத் தனி வரி எழுதியிருக்கிறது, இதற்கு இல்லை.

இன்னொன்றையும் நீதான் எனக்கு விளக்க வேண்டும். ஒருவன் கொடுக்கும் ஒரு பை சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரிந்து மூன்று பேருக்குப் போகிறது. அதைக் கேட்டுப் பெருமைப்பட்டுத்தான் நம் பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள். அதே பிரிப்பு, அந்த உச்சவரம்புப் பட்டியல்படி பார்த்தாலும், ஒரு பையை மூன்று கட்டணம் ஆக்குகிறது. மிஞ்சும் பிளாஸ்மா ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் என்ற மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகிறது, அதற்கும் ஒரு தொகை வருகிறது. இந்த வரவை எல்லாம் கழித்த பிறகு ஒரு பைக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று யாராவது கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்களா? வெளிப்படையாகக் காட்டினால் முகாமில் நான் தலை நிமிர்ந்து பதில் சொல்வேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வதைப்பது ஈட்டுக்கு ஆள் கேட்பதுதான். பணமும் கட்டு, ஆளையும் கொண்டுவா என்றால் அது இரட்டை வசூல். மாற்றுக் கொடையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, தன்னார்வக் கொடையைக் கொண்டே தேவையை நிறைவு செய்ய வேண்டும் என்பதுதான் தேசியக் கொள்கை. 2002இலேயே அது வந்துவிட்டது. ஊரும் உறவும் உள்ளவருக்கு ஆள் கிடைத்துவிடும். தூத்தூரிலிருந்து கடலுக்குப் போனவனின் மனைவி நடு இரவில் யாரைக் கொண்டுவருவாள்? வடநாட்டிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்பவன் யாரைக் கூப்பிடுவான்? அப்படிப்பட்ட இடத்தில்தான் இடைத்தரகன் நுழைகிறான், காசுக்குக் கொடுப்பவன் உறவினன் என்று கையெழுத்துப் போடுகிறான். 1998இல் மூடிய கதவைப் பின்வாசல் வழியாகத் திறந்துவிடுவது நாமேதான்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை, மக்கா. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் இரத்தத்துக்குக் காசு கேட்பதில்லை. அந்தச் செலவை அரசு ஏற்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கு எங்கேயும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இரத்த மாற்று மன்றமே சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் இரத்தச் சேவைக்கு மருத்துவமனை பணம் கொடுக்கிறது, சிகிச்சை பெறுபவரிடம் அது போவதில்லை. இங்கும் தனியார் மருத்துவமனையில் ஏற்றும் இரத்தத்தின் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ பொதுநிதியோ நேரடியாக இரத்த மையத்துக்குக் கொடுக்கட்டும். தடுப்பூசிக்கு நாம் குழந்தையின் தகப்பனிடம் கணக்குப் பார்ப்பதில்லையே. பிரசவத்தில் உயிர் போகும் நிலையில் ஏற்றும் இரத்தம் அதைவிட எந்த வகையில் குறைந்தது?

பணம் பெரிதல்ல, முறைதான் முக்கியம் என்று சிலர் சொல்கிறார்கள். 7,500 ரூபாய் பெரிதல்ல என்பவர் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோன வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர் இல்லை. அந்தக் கணவர் மனைவியின் கம்மலை அடகு வைத்துத்தான் கட்டினார். கொடுத்த பையனுக்கோ அதற்கும் மேலான இழப்பு. முகாமில் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீலக் கரைசலில் விடுவார்களே, அது மூழ்குகிறதா மிதக்கிறதா என்று அந்தப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். மூழ்கிவிட்டால் பரீட்சையில் தேறியதைப் போலச் சிரிப்பான். மட்டிப்பழமும் பழச்சாறும் வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு நாம் வேறு என்ன கொடுத்தோம்? தான் கொடுத்தது யாருக்கோ கொடையாகவே போய்ச் சேர்ந்தது என்ற நிம்மதி ஒன்றைத்தான். அதை அந்த ஒற்றை வரி எடுத்துக்கொண்டுவிட்டது. அவன் வீட்டுக்குப் போய்ப் பேசப்போகிறேன். ஆனால் என்ன சொல்வது என்பது பில்லுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் தெரியும்.

விளக்கம் கேட்டு அந்த மருத்துவமனைக்கு எழுதிவிட்டோம். மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டண உச்சவரம்பை எல்லா மருத்துவமனைகளிலும் கண்ணில் படும்படி தமிழில் எழுதி வைக்க வேண்டும், பில்லில் இரத்தத்தை வகை, எண்ணிக்கை, பரிசோதனை என்று பிரித்து எழுத வேண்டும், ஈட்டுக்கு ஆள் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். காப்பீட்டைப் பற்றிய கோரிக்கையைச் சென்னைக்குத் தனியாக அனுப்புவதா, இதிலேயே சேர்ப்பதா என்று குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது. நீ சொல்.

மனுவில் பரிசோதனைகளைப் பற்றி எழுதிய இரண்டாம் பக்கத்தைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. அதிகாரிகள் அங்கேதான் குற்றம் கண்டுபிடிப்பார்கள். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை நூலகத்தில் கூடுகிறோம். பிளாஸ்மா கணக்கை விளக்கிச் சொல்ல உன்னை விட்டால் எங்களுக்கு ஆளில்லை. வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி