செவ்வாய்க்கிழமைத் தங்கவயல்

பெங்களூரு,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். உன் பெரிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று உன் தங்கையிடம் குறைபட்டுக்கொண்டாயாம். அவள் அதை அப்படியே என்னிடம் ஒப்பித்துவிட்டாள். ரகசியம் காப்பதில் அவள் இன்னும் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. கோபித்துக்கொள், தப்பில்லை. ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். எனக்கு இப்போது உன் மூளை அவசரமாகத் தேவைப்படுகிறது.

என் வீட்டுக்காரர் நம் ஊரில், கோலார் தங்கவயலில், குடியேற வேண்டும் என்கிறார். ஆமாம், அவர்தான், நான் அல்ல. தங்கவயலில் பெண் எடுத்தால் நகை கூடுதலாகப் போடுவார்கள் என்று நம்பி வந்து ஏமாந்தாரே, அதே தர்மபுரிக்காரர்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

வீட்டுச் சொந்தக்காரர் இடித்துக் கட்டப் போகிறார், வருடக் கடைசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். கே.ஆர். புரம் பக்கம் வாடகைக்குப் பார்த்த வீடுகளைப் பற்றி எழுதினால் உனக்குத் தலைவலி வரும். போதாக்குறைக்கு, 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறு வற்றி, டேங்கர் லாரிக்காக ராத்திரி விழித்திருந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. இந்த நேரம் பார்த்து அவர் அலுவலகத்தில், மாதத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவே தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் வீட்டு வாடகை விசாரித்துவிட்டார். இங்கே கொடுப்பதில் கால் பங்குதான் வருகிறது. கிணற்றில் போட்ட கல்லாய் இருக்கிற மனிதர், அன்று சாப்பிடும்போது பேசிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு ஒரே வரலாற்றுப் பாடம்தான். சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டதாம், பெங்களூருக்கே 1905இல்தானாம். தினமும் எத்தனை மணி நேரம் மின்சாரம் நிற்கிறது என்று என் அம்மாவைக் கேளுங்கள் என்றேன். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோ என்ற நுண்துகளை 1965இல் கண்டறிந்தார்களாம். அந்த ஆழத்தில் என் அப்பாவும் உன் அப்பாவும் வியர்த்துக்கொண்டிருந்ததை எந்தக் கருவி கண்டறிந்தது என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. பாவம், மனிதர் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார். நம் ஊரை இவ்வளவு புகழ்ந்து நாம் யாரும் கேட்டதில்லை, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அது வேறு விஷயம்.

சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலம் பக்கமாகப் போகிறது, நிலத்தின் விலை ஏறும், தொழிற்பேட்டை வரும் என்பது அடுத்த அத்தியாயம். வரும் வரும் என்பதைக் கேட்டு நாம் வளர்ந்துவிட்டோம் அல்லவா? ஒவ்வொரு தேர்தலுக்கும் மூடிய சுரங்கம் திறந்துகொண்டேதான் இருக்கிறது. ஒட்டகம் என்று கூப்பிடுவோமே, அவன் இப்போதும் அடுத்த தை மாதம் திறந்துவிடும் என்று பந்தயம் கட்டுகிறான். அவனிடம் தோற்றவர்கள் யாரும் இல்லை, அவனும் பணம் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். கணக்குப் போட்டபோது வீட்டில் ஒருவருக்கும் உறைக்காத ஒன்று எனக்கு உறைத்தது. அவர் வேலை மடிக்கணினிக்குள் இருக்கிறது, அதை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றிக்கொள்ளலாம். என் வேலை ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில். அது நகராது. குடும்பம் தங்கவயலுக்குப் போனால் ரயிலில் போக வேண்டியவள் நான் ஒருத்திதான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு என்று ஊர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோ உட்கார்ந்தோ வந்து, சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். வாடகையில் மிச்சமாகிற பணம் வானத்திலிருந்து விழவில்லை, ஸ்டெல்லா. என் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது நாம் பி.யூ.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பூமிக்கடியில் பாறை சரியாமல் மரச்சட்டம் நிறுத்திக்கொண்டிருந்த மனிதர், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கார்களுக்குக் கதவு திறக்கிறவர் ஆகிவிட்டார். உன் அப்பாவும் அப்படித்தானே, ஏ.டி.எம். வாசலில். ஒரே பெட்டியில் எதிரெதிராக உட்கார்ந்து போவார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டே "மாலூர்" என்பார். செங்கல் சூளை வாசனை ஜன்னலில் வரும், அதுதான் அவருக்கு அடையாளம். திரும்பி வரும்போது பெட்டியில் பெண்கள் முந்தானையை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டு வருவார்கள். தண்டு ஜன்னலுக்கு வெளியே போகும், இலை மடியில் சேரும். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் ராத்திரிச் சமையல் பாதி முடிந்திருக்கும். அழகாக இருக்கிறது என்று நினைப்பாய். வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய நேரம் இல்லாதவர்கள் அவர்கள்.

ஊரில் வேலையே இல்லையா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மண்வாரி இயந்திரங்கள் செய்கிற பெமல் நிறுவனம் இருக்கிறது, 1964இல் ஆரம்பித்தது, இன்றைக்கும் அது ஒன்றுதான் பெரிய தொழிற்சாலை. அதற்கு அடுத்தபடி கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆட்டோ. இந்தக் கடைகளுக்கு வருகிற பணமும் பெரும்பாலும் பெங்களூரில் சம்பாதித்ததுதான். வாடகை ஏன் கால் பங்காக இருக்கிறது என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது. ஊர் நமக்குத் தள்ளுபடி கொடுக்கவில்லை, அங்கே சம்பாதித்து அதற்கு மேல் தர யாராலும் முடியவில்லை. வெளியூர்ச் சம்பளத்தை வைத்துக்கொண்டு நான் அங்கே மலிவாக வாழ்வேன், அந்த ஊர்ச் சம்பளத்தில் வாழ்கிறவளுக்கு எதுவுமே மலிவில்லை. எங்களைப் போல நாலு பேர் வந்தால் அவளுக்கு வாடகையும் ஏறும்.

இதையும் கேள். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள், இங்கிருந்து சாக்கடைத் தண்ணீர் அங்கே போகிறது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த பண்டமாற்று மாதிரி இல்லை?

சயனைடு மேட்டை மறந்துவிட்டேன் பார். எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறதே, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது, நாம் அட்டையில் உட்கார்ந்து சறுக்கி அடி வாங்கிய மேடு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை 13 மேடுகளை மறுபடி தோண்டித் தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் ஆயிரம் ஏக்கராம். அவருக்கு இதில் வேலைவாய்ப்பு தெரிகிறது. எனக்கு ஆடிக் காற்றில் அம்மா வீட்டுப் பாத்திரங்களின் மேல் படிகிற வெள்ளைத் தூசி தெரிகிறது. மேட்டை அசைக்காமல் இருக்கும்போதே இப்படி என்றால், இயந்திரத்தை வைத்து வாரும்போது எப்படி இருக்கும்? வேலையும் மூன்று ஷிப்டு ஆட்களை இறக்கிய காலம் மாதிரி வரப்போவதில்லை, இயந்திரம் ஓட்டச் சில பேர் போதும். என் கணிப்பு தவறாகவும் போகலாம். ஆனால் என் பையனின் நெஞ்சை வைத்துப் பரிசோதிக்க எனக்குத் தைரியம் இல்லை. ராபர்ட்சன்பேட்டை அவ்வளவு பக்கம் இல்லைதான். இருந்தாலும் பாட்டி வீட்டில்தானே பாதி நாள் கிடப்பான்.

நிறையக் குறை சொல்லிவிட்டேன். சரி, மறுபக்கமும் கேட்டுக்கொள். பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஓடி எத்தனை காலம் ஆயிற்று? இங்கே பையன் பார்க்கிங் இடத்தில் இரண்டு காருக்கு நடுவில் பந்து அடிக்கிறான். அங்கே அந்தக் குளிர்ந்த காற்று, யூகலிப்டஸ் வாசனை, யார் வீட்டிலும் போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற உரிமை. அம்மாவுக்கும் கண் பார்வை மங்கிவிட்டது, இரண்டு டிரம் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைக்கிறாள். பேத்தமங்கலத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்பது அவளுக்கும் குழாய்க்கும் மட்டும் தெரியும். அவளுக்காகவாவது போக வேண்டாமா என்று ராத்திரியில் தோன்றும். காலையில் எழுந்ததும் ரயில் ஞாபகம் வரும்.

அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. அவர் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தங்கவயல். பண்டிகை, கல்யாணம், கிறிஸ்துமஸ், எல்லாமே விடுமுறை நாள். அன்றைக்கு ஊர் நிரம்பி வழியும், கடைவீதியில் தோள் இடிக்கும். இப்படிக் கலகலப்பான ஊரைப் போய் நலிந்த ஊர் என்கிறாயே என்பார். ஆகவே போன வாரம் இரண்டு பேரும் லீவு போட்டோம், செவ்வாய்க்கிழமை அழைத்துப் போனேன்.

பகல் பதினொரு மணிக்கு சாம்பியனில் நடந்தோம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய துருப்பிடித்த ஷாப்ட் கோபுரம், அதன் கீழே மேய்கிற ஆடுகள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மூன்றுக்கு ஒன்று பூட்டு. திறந்திருந்த வீடுகளின் திண்ணையில் கிழவர்கள். ஒருவர் விடாமல் இருமினார்கள். ஒவ்வொருவராக "இன்னார் மகளா நீ" என்று கேட்டார்கள், நின்று நின்று பதில் சொன்னேன். இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் ஒரு ஆண்பிள்ளை கண்ணில் படவில்லை, தபால்காரரையும் ஒட்டகத்தையும் தவிர. (ஒட்டகத்துக்கு அதே தொப்பிதான்.) நான் வெற்றிப் புன்னகையோடு திரும்பிப் பார்த்தால், இவர் "என்ன அமைதி! இப்படி ஒரு இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

விடவில்லை. ராத்திரி மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன். வண்டி நிற்பதற்கு முன்பே குதிக்கிறார்கள், ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். காவலாளிச் சீருடை, ஆயாச் சேலை, துணி ஆலை அடையாள அட்டை, கணினி நிறுவனத்துப் பை, எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. என் வயதுப் பெண் ஒருத்தி செருப்பு அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டே நிமிடத்தில் பிளாட்பாரம் காலி. இவர் ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில், "இதில் நீ எந்த வண்டியில் வருவாய்?" என்றார். இத்தனை வாரத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். கோபமும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அம்மாவே எதிர்க்கட்சி. சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நீ இங்கேயே திரும்பி வருவதற்கா உன் அப்பா அந்த ரயிலில் உயிரை விட்டார்?" என்று கேட்டாள். பெங்களூருக்கு வந்து எங்களோடு இருக்கவும் மாட்டாளாம், அவர் இருந்த வீட்டைப் பூட்ட முடியாதாம். அந்த வீட்டுப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை, அது வரும்வரை நகரப் போவதில்லை என்று பிடிவாதம். இவளோடு யார் வாதாடுவது?

பெரியவள் எட்டாம் வகுப்பு. நாய் வாங்கித் தருவதானால் எங்கே வேண்டுமானாலும் வருகிறாளாம். இரண்டு வருடத்தில் பத்தாவது, பிறகு பி.யூ.சி., அதன் பிறகு அவளும் அதே ரயிலில்தான் ஏறுவாள் என்பது அவளுக்குத் தெரியாது. நம் வகுப்பில் ஊரில் தங்கியவர்களை எண்ணிப் பார், ஒரு கை விரல் போதும்.

இப்போது எங்கே நிற்கிறோம் என்றால், அவர் பின்வாங்கிவிட்டார், "உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்" என்கிறார். அவர் பின்வாங்கியதும் எனக்கு ஆசை வந்துவிட்டது, அதுதான் சங்கடம். ரயில் இல்லாமல் அங்கே இருக்க முடிந்தால் நாளைக்கே மூட்டை கட்டுவேன். ரயிலோடு என்றால் எத்தனை மிச்சமானாலும் போகமாட்டேன். இதில் உறுதியாக இருக்கிறேன்.

"யோசித்து முடிவெடு" என்று மட்டும் எழுதாதே, அதற்கு ஸ்டாம்ப் தண்டம். உன்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. உன் தங்கையின் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிற அம்மாள் ஓய்வுபெறப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்த இடத்துக்கு என்ன சம்பளம் தருகிறார்கள், முதல் தேதியில் ஒழுங்காகத் தருகிறார்களா என்று விசாரித்து எழுது. எனக்காக என்று சொல்லிவிடாதே. அவளிடம் சொன்னால் மறுநாள் காலை அந்த அம்மாளே எனக்குப் போன் செய்வாள்.

அன்புடன்,
செல்வி